பழகும் கைக்கு ஒரு வேலை

நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் என்றொரு சிற்றூர். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன பெருவழியில் இருந்த ஊர். 1980-களில் தொடங்கி, பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டோர் பல கட்டங்களாக இங்கே அகழாய்வு செய்தார்கள். இரும்பு உருக்கிய உலை, அறுத்த சங்கு, தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடு என்று நிறையக் கிடைத்தது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவை அங்கே கிடைத்த கல்மணிகள். அதிலும் கெட்டுப்போன மணிகள்.

காங்கேயம் பக்கத்துப் படியூரில் எடுத்த பெரில், பளிங்கு, தொலைவிலிருந்து வந்த சூதுபவளம் என்று பல கற்களில் மணி செய்திருக்கிறார்கள். அவை எல்லா நிலையிலும் கிடைத்தன. கல்லாகவே கிடப்பது ஒன்று, பொளிந்து உருட்டியும் மெருகேறாதது ஒன்று, மெருகேற்றித் துளை போடாதது ஒன்று, பாதித் துளையோடு நின்றுபோனது ஒன்று. கூடவே செதில்கள். தொல்லியலாளருக்கு இந்தக் குப்பைதான் பொன். முழு மணி எங்கும் கிடைக்கும். வணிகன் அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோயிருப்பான். அதை வைத்து, இங்கே வாங்கினார்கள், விற்றார்கள், அணிந்தார்கள் என்று மட்டும்தான் சொல்ல முடியும். இங்கே செய்தார்கள் என்று சொல்ல உடைந்த மணி வேண்டும்.

அந்த மணி யார் கையில் உடைந்தது என்று மண் சொல்லாது. கைதேர்ந்தவர் கையிலும் கல் உடையும். ஆனாலும் பட்டறைப் பழக்கம் உள்ள எவரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: எந்தத் தொழிலிலும் சேதாரத்தில் பெரும்பங்கு பழகுகிற கையால் வருவது. சேதாரமே இல்லாத பட்டறையில் பழகுகிறவர் யாரும் இல்லை என்று பொருள்.

அழியும் கைத்தொழில்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கடைசிக் கலைஞரின் படம்தான் முன்னால் வந்து நிற்கிறது. சுருங்கிய முகம், காய்ப்பு ஏறிய கை, ‘இவரோடு இந்தக் கலை முடிகிறது’ என்ற வாசகம். அந்தப் படத்தைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவருக்குப் பக்கத்தில் இருபது வருடம் முன்பு உட்கார்ந்திருக்க வேண்டிய பையன் எங்கே போனான்?

கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் 2009-10-இல் நடந்த அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளும், மணி செய்த உலையின் எச்சமும் வெளிவந்தன. கொங்கின் தென்விளிம்பில் கண்ணாடி உருக்கிக் காய்ச்சியிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் அரிக்கமேடு இதற்குப் பேர்போனது. கண்ணாடியைக் குழலாக இழுத்து, வெட்டி, சின்னஞ்சிறு மணிகளாக்கும் முறை அது. அந்த மணிகள் தென்கிழக்காசியா வரை போயின. ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்த அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், அதே முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் உயிரோடு இருந்ததை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு!

அவர் விவரித்த வேலை இப்படிப் போகும். ‘லாடா’ எனப்படும் நீண்ட இரும்புக் குழலின் நுனியில் உலைக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்து, பெரிய கூம்பாகத் திரட்டுவார்கள். குழலுக்குள் ஒரு கம்பியை நுழைத்துக் கூம்பின் நடுவே துளை காண்பார்கள். பிறகு கூம்பை உலைக்குள் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க, மறுபக்கம் ஒருவர் நுனியைக் கொக்கியில் பிடித்து இழுப்பார். துளையோடு கூடிய கண்ணாடி இழை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அதை முழநீளத் துண்டுகளாக ஒடித்து, பெண்கள் கத்தி விளிம்பில் வைத்து மணிமணியாக வெட்டுவார்கள். வெட்டிய மணியைச் சாம்பலோடு கலந்து சட்டியில் சூடேற்றினால் கூர்விளிம்பு மழுங்கும். அப்புறம் சலிப்பது, கோப்பது.

இதில் எத்தனை பேர், எத்தனை விதமான கைகள் என்று பாருங்கள். கூம்பு திரட்டித் துளை காண்பதற்குத்தான் பல வருடப் பழக்கம் வேண்டும். சாம்பல் கலக்க, சலிக்க, கோக்க அவ்வளவு வேண்டாம். உலைக்கு விறகு போடுகிறவன் நாள் முழுக்க உலை வாயின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எந்தச் சிவப்பில் கண்ணாடி இளகும், எந்த மஞ்சளில் ஓடும் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவன் கண்ணில் ஏறிவிடும். ஒரு நாள் இழுக்கிறவருக்குக் காய்ச்சல் வரும். கொக்கி இவன் கைக்கு வரும். கற்றல் அங்கே தனி ஏற்பாடாக இல்லை. வேலையின் கீழ்ப்படியில் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றிருந்தவனுக்கு மேற்படி கண்ணெதிரே இருந்தது, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். கோவையில் கண்ணாடி ஊதுகிறவர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். பெரிய கல்லூரிகளின் வேதியியல் துறைகளோடு ஒட்டிக்கொண்டு ‘கிளாஸ் ப்ளோயிங்’ அறை ஒன்று இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. எம்.எஸ்சி. மாணவன் கண்டென்சரை உடைத்துவிட்டு, சாருக்குத் தெரிவதற்குள் ஓடுகிற இடம் அது.

அப்படியொரு அறையின் மேசையில் ஒருவர் டி-ஜாயின்ட் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கேஸும் ஆக்ஸிஜனும் கலந்த நீலத் தீ. குழாயைக் காட்டியதும் பளீரென்று மஞ்சள் எழும். அது கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம். அந்த மஞ்சளை வடிகட்ட டிடிமியம் மூக்குக்கண்ணாடி. இரண்டு கையும் ஒரே வேகத்தில் குழாயை உருட்ட வேண்டும். ஒரு கை சற்று முந்தினாலும் இளகிய நடுப்பகுதி முறுக்கிக்கொள்ளும். குழாயின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் மாட்டிய ரப்பர் குழாயைப் பல்லிடுக்கில் கவ்வியிருக்கிறார். பக்கவாட்டில் ஒரு புள்ளியை மட்டும் சிவக்கவைத்து மெல்ல ஊதுகிறார். கொப்புளம்போல் மேலெழுகிறது. இன்னும் கொஞ்சம் சூடு, இன்னும் ஓர் ஊது. காகிதத்தைவிட மெல்லிய குமிழாகி வெடிக்கிறது. துளை கிடைத்தது. அதன் விளிம்பும் இன்னொரு குழாயின் விளிம்பும் ஒன்றாகச் சிவந்ததும் தொட வேண்டும். தொட்ட பிறகு மெல்ல இழுத்து, ஊதி, மடிப்பை நிரவி, சீராக ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து யாரும் தொடாமலே கீறல் விடும்.

ஊதும் விசையை எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது. கன்னம் அறிந்த கணக்கு அது. அவரிடம் யாராவது பழகுகிறார்களா என்று கேட்டேன்.

“சொல்லித் தர்றதுக்கு நாம ரெடிங்க. பழகறதுக்கு வேல வேணுமுங்களே? சின்ன வேலையெல்லாம் இப்ப பெட்டியில வந்துருதுங்க.”

பெட்டி என்றது ஹரியானாவின் அம்பாலா போன்ற ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வரும் ஆயத்தக் கண்ணாடிச் சாமான்களை. கலக்கும் குச்சி, துளிக்குழாய், பி-14, பி-19, பி-24 என்று எண் போட்ட ஜாயின்ட்டுகள், சாதாரண அடாப்டர். ஒருகாலத்தில் புதிதாக வந்த பையன் முதல் வருடம் முழுக்கக் குழாய் அறுத்து, விளிம்பு மழுக்கி, தீயில் இளக்கித் தந்துகிக் குழாய் இழுத்துக்கொண்டிருப்பான். (பாப்பாநாயுடுபேட்டையில் கொக்கியால் இழுத்ததும் இதே இழுப்புத்தான்.) நூறு இழுத்தால் முப்பது தேறும். தேறிய முப்பதும் ஆய்வகத்துக்கு உதவும், சேதாரம் குப்பைத் தொட்டிக்கு. அந்த முப்பதின் பெயரால் அவனுக்கு மேசையில் இடம் இருந்தது. இப்போது முப்பதும் வேண்டாம். மேசைக்கு வருவது ஆராய்ச்சி மாணவரின் வினோதமான வெற்றிடக் கருவி, விலை உயர்ந்த சாமானின் பழுது போன்ற வேலைகள். எல்லாம் இருபது வருடக் கைக்கு உரியவை. பழகுகிற கையில் அதை யார் கொடுப்பார்கள்?

எந்திரம் வந்தபோது நாமெல்லாம் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். சாதாரண வேலையை எந்திரம் பார்த்துக்கொள்ளும், நுட்பமான வேலை மனிதக் கைக்கு மிஞ்சும், அதனால் கலை பிழைக்கும் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நுட்பமான வேலை செய்யும் கை சாதாரண வேலையில்தான் விளைகிறது. கீழ்ப்படியை உருவிவிட்டால் மேற்படியில் நிற்பவர் ஒரு தலைமுறைக்கு அங்கேயே நிற்பார். நல்ல பெயரும் விருதும் கிடைக்கும். அவருக்குப் பின்னால் ஏறி வர வழி இருக்காது.

பவானியில் நடந்ததும் இதுவே. பவானி ஜமக்காளத்தில் இரண்டு வகை உண்டு. பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் மாற்றி நெய்வது ஒன்று. கரையில் செயற்கைப் பட்டு நூலில் வேலைப்பாடு வைப்பது இன்னொன்று. அகலமான ஜமக்காளத்துக்குக் குழித்தறியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். அந்தப் பக்கத்து இடம்தான் பள்ளிக்கூடம். வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவதிலிருந்தே தொழில் தொடங்கிவிடும். இந்தத் துணிக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டும் உரியதாக்கியிருந்தது. ஆனாலும் விசைத்தறியில், குறிப்பாகச் சோலாப்பூர்ப் பக்கம் நெய்த மலிவு விரிப்புகள் அதே பெயரில் சந்தைக்கு வந்தன. அவை தட்டிக்கொண்டு போனது வெறும் பட்டைக்கோடு ஜமக்காளத்தை. கல்யாண மண்டபத்துக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் வாங்குகிற சாதா ஜமக்காளம். மிஞ்சியவர்கள் வயதானவர்கள். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அதில் தவறொன்றும் இல்லை. மாதச் சம்பளம் வருகிறது.

அந்த 1985 சட்டத்தை அமலாக்கியவர்கள் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு நல்ல புத்தி இருந்தது. உயர்ந்த வேலைப்பாட்டைக் காப்போம் என்று அது தொடங்கவில்லை. சாதாரண வேட்டி, துண்டு, ஜமக்காளம் போன்ற அன்றாடத் துணிகளையும் தறிக்காரனுக்கு விட்டுவை என்றது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போனால் இந்தக் கட்டுரை பழம்பெருமை பாடுவதாக ஆகிவிடும். பழைய பட்டறையின் கீழ்ப்படி பல இடங்களில் சாதியாலும் குழந்தைகளின் முதுகாலும் ஆனது. உலைக்கு விறகு போட்டவன் எட்டு வயதுப் பையனாக இருந்திருக்கலாம். உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்தின் கண்ணாடி வளையல் உலைகள் குழந்தைத் தொழிலாளர்களுக்காகவே உலகம் முழுக்கக் கெட்ட பெயர் எடுத்தன. அப்பன் தொழிலைப் பிள்ளை அரை நாள் பழகட்டும் என்று ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த பள்ளித் திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று சொல்லித் தூக்கியெறிந்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. தூக்கியெறிந்தது சரி. தறிக்குழியில் பிறந்த பிள்ளை கோடிங் படிக்கட்டும். கூலிக்காரன் வீட்டுப் பெண் கண்ணாடி ஊதட்டும்.

ஆனால் குலத்தை விலக்கியபோது அந்தக் குலம் இலவசமாகச் செய்துவந்த ஒரு காரியமும் போயிற்று. பழகுகிறவனின் சேதாரத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்குக் குடும்பம் ஒரு விடையாக இருந்தது. கெட்டுப்போன பாவுக்கு அப்பன் திட்டுவான். நஷ்டத்தை அவனே ஏற்றுக்கொள்வான். இன்று அந்த நஷ்டத்துக்கு ஆள் இல்லை. அரசுத் திட்டங்களைப் புரட்டினால் இந்த வெற்றிடம் தெரியும். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் (2023) அடிப்படைப் பயிற்சிக்கு 5 முதல் 7 நாளும், மேற்பயிற்சிக்கு 15 நாளும் வைத்து, நாளுக்கு 500 ரூபாய் தருகிறது. குடும்பத் தொழில் வாடை அடிக்கிறது என்று அதை மறுத்த தமிழ்நாடு, கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடனும் மானியமும் தருகிறது. இரண்டும் உதவிதான். ஆனால் 500 ரூபாய் பழகுகிறவனின் நாளை வாங்குகிறது, அவன் கெடுத்த பொருளை வாங்கவில்லை. பதினாறாம் நாள் காலை அவன் எங்கே போய் என்ன செய்வான் என்பதற்கு அங்கே விடை கிடையாது.

உலக அரங்கிலும் இதே தடுமாற்றம்தான். 2023 டிசம்பரில் போட்ஸ்வானாவின் கசானே நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, கையால் கண்ணாடி செய்யும் இரண்டு மரபுகளை ஒரே அமர்வில் தன் மரபுப் பட்டியல்களில் சேர்த்தது. செக், ஃபின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆகிய ஆறு நாடுகளின் மரபு பெருமைக்குரிய பட்டியலில் சேர்ந்தது. சிரியாவின் ஊதுகண்ணாடி மட்டும் உடனே காக்கவேண்டிய பட்டியலுக்குப் போனது. கண்ணாடி ஊதுவது பிறந்ததே அந்தக் கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில், பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில். டமாஸ்கஸின் செங்கல் உலையில் உடைந்த கண்ணாடியை உருக்கிக் கிண்ணமும் விளக்கும் ஊதியவர்கள், போரில் உலையையும் வாடிக்கையாளரையும் சேர்த்தே இழந்தார்கள். போரே இல்லாத இங்கிலாந்தில் வாயால் ஊதிச் சன்னல் கண்ணாடித் தகடு செய்யும் தொழில் அழிந்துவிட்டது என்று 2023-இல் அங்குள்ள கைத்தொழில் அமைப்பு அறிவித்தது. பழைய தேவாலயங்களின் சன்னல்கள் அங்கே இன்னும் ஏராளம். அவற்றுக்குக் கண்ணாடி வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்ற நிலை வந்தது.

அமெரிக்காவில் ஒரு சேலம் இருக்கிறது, நியூ ஜெர்சி மாநிலத்தில். அங்குள்ள சமுதாயக் கல்லூரி அறிவியல் கண்ணாடித் தொழிலுக்கென்றே இரண்டு வருடப் படிப்பு நடத்துகிறது. பதினைந்து நாளையும் இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் சேலத்திலோ கோவையிலோ அப்படியொன்று வந்தால் எப்படி இருக்கும் என்று நான் ஏங்கியதுண்டு.

கோவைக்கு இது புரியாத விஷயமும் அல்ல. 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கூடம் தொடங்கியபோது பையன்களுக்குக் கரும்பலகையோடு நிறுத்தவில்லை. அங்கே பம்பும் மோட்டாரும் செய்தார்கள், செய்ததை விற்றார்கள். அந்தத் தொழிற்கூடத்தின் வளாகத்தில்தான் 1951-இல் பொறியியல் கல்லூரி எழுந்தது. பீளமேட்டிலும் கணபதியிலும் உள்ள லேத் பட்டறைகளைக் கேளுங்கள். ஹெல்பராகச் சேர்ந்து, பிசிறு தட்டி, துளை போட்டு, ஐந்து வருடத்தில் டர்னரானவர்கள்தான் பாதிப்பேர். இந்த ஊர் தானாக வளரவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க லட்சக்கணக்கில் சாதாரண பம்பு தேவைப்பட்டது. அந்தச் சாதாரண பம்பின்மேல் ஏறித்தான் இன்றைய நுட்பமான எந்திரங்கள் நிற்கின்றன.

ஆகவே பயிற்சி நிலையம் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, பழகும் கை செய்கிற பொருளுக்கு ஒரு வாங்குபவரைப் பிடிப்பது. கூட்டுறவுச் சங்கம் முதல் தரத்தை மட்டும் எடுக்காமல், பயிலுநர் நெய்த பட்டைக்கோடு ஜமக்காளத்தையும் அதற்குரிய விலையில், பயிலுநர் நெய்தது என்று எழுதியே எடுக்கலாம். அரசுப் பள்ளிகள், சத்துணவுக் கூடங்கள், சமுதாயக் கூடங்கள் எல்லாம் விரிப்பு வாங்குகின்றன. கரை இரண்டு விரல் கோணினால் உட்காருபவருக்குத் தெரியப்போவதில்லை. தரம் குறைந்ததை மக்கள் தலையில் கட்டுவதா என்று தணிக்கைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். கேட்டு முடித்ததும் தறியில் பக்கத்து இடம் காலியாக இருப்பதையும் அவருக்குக் காட்டலாம்.

கண்ணாடிக்கு இன்னும் சுலபம். கோவையைச் சுற்றிக் கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் மருந்தியல் கல்லூரிகளும் எத்தனை! வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. ஒவ்வொன்றும் வருடா வருடம் ஆய்வகச் சாமான் வாங்குகிறது. பியூரெட்டையும் கண்டென்சரையும் அம்பாலாவிலிருந்தே வாங்கட்டும். அளவு பிசகக் கூடாத பொருள்கள் அவை. பட்டியலில் கடைசியில் வரும் கலக்கும் குச்சி, துளிக்குழாய், தந்துகிக் குழாய் என்ற மூன்று வரியை மட்டும், பையன் ஒருவனோ பெண் ஒருத்தியோ பழகிக்கொண்டிருக்கும் உள்ளூர் மேசைக்கு ஒதுக்கலாம். குச்சி கொஞ்சம் கோணலாக வரும். உப்பு அதிலும் கரையும்.